வேலியோரத்து மூலிகைகள்: இனங்காண்பது, பக்குவம் செய்வது, எங்கே நிறுத்துவது

மழை பெய்து பத்து நாள் ஆனால் போதும், தமிழ்நாட்டில் எந்த ஊரின் வேலியோரத்திலும் வாய்க்கால் கரையிலும் கைக்கு எட்டும் தூரத்தில் பத்துப் பதினைந்து மூலிகைகள் நிற்கும். பெயர் பலருக்கும் தெரியும். எந்தப் பாகம், எத்தனை இலை, எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். வீட்டு வைத்தியம் பலிக்காமல் போவதும், சில சமயம் வம்பில் முடிவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அன்றாடம் பயன்படும் எட்டுச் செடிகளை எடுத்துக்கொண்டு, பறிப்பதிலிருந்து குடிப்பது வரை இங்கே பார்க்கலாம். வாயில் வைக்கவே கூடாத சிலவும் கடைசியில் வருகின்றன. அவசரமாக இருந்தால் முதலில் அந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

பறிக்கும் முன்

ஒரு செடியை இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இலை, பூ, காய், வாசனை நான்கில் குறைந்தது மூன்று ஒத்துப்போக வேண்டும். பூக்காத பருவத்தில் சந்தேகம் வந்தால் பூக்கும்வரை காத்திருங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். பல ஊர்களில் நிலவேம்பையே சிறியாநங்கை என்கிறார்கள். பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினால் எது கைக்கு வரும் என்று உறுதி இல்லை.

இடமும் முக்கியம். சாக்கடை ஓரம், நெடுஞ்சாலை ஓரம், களைக்கொல்லி தெளிக்கும் தண்டவாள ஓரம், பூச்சிமருந்து அடித்த வயலின் வரப்பு ஆகியவற்றில் பறிக்கக் கூடாது. அங்கே செடி கொழுகொழுவென்று இருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். சாக்கடை நீரில் செழிக்கும் வல்லாரை அந்த நீரில் உள்ள உலோகங்களையும் சேர்த்தே உறிஞ்சும்.

பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன் பறிப்பது நல்லது. ஈரத்தோடு பறித்துப் பையில் கட்டிவைத்த இலை மாலைக்குள் வெந்ததுபோல் கறுத்துவிடும். ஒரு செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். இலை போதுமென்றால் வேரைப் பிடுங்க வேண்டியதில்லை.

கழுவுவதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மண் போக ஒருமுறை அலசி, கல்லுப்பும் மஞ்சள்தூளும் போட்ட நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மறுபடி இரண்டு தண்ணீரில் அலசுங்கள். கீழாநெல்லிபோல் தரையை ஒட்டி வளர்ந்து பச்சையாக அரைத்துக் குடிக்கப்படும் செடிக்கு இது கட்டாயம். நாய், கோழி, எலி எல்லாம் நடமாடிய மண் அது.

அளவும் பாத்திரமும்

பழைய ஏடுகளில் வரும் ‘திரிகடி’ என்பது பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றாலும் அள்ளும் பொடி. ‘வெருகடி’ என்பது ஐந்து விரலாலும் அள்ளுவது. விரலுக்கு விரல் அளவு மாறுமே என்று கேட்கலாம், மாறும்தான். அதனால்தான் இந்த அளவு உணவுக்கு நெருக்கமான, கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கெடுதி செய்யாத செடிகளுக்கு மட்டும் பொருந்தும். மற்றவற்றுக்குத் தேக்கரண்டியும் அளவுக் குவளையும் வைத்துக்கொள்ளுங்கள். மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டி 5 மில்லி. இலைப்பொடியாக இருந்தால் அதன் எடை பெரும்பாலும் 2 முதல் 3 கிராம்தான். ‘ஒரு ஸ்பூன் என்றால் ஐந்து கிராம்’ என்று பொடிக்குக் கணக்குப் போடுவது பரவலான தவறு.

கஷாயத்துக்கு வீட்டில் பொருந்தும் கணக்கு இது: ஒன்றிரண்டாக இடித்த உலர்ந்த சரக்கு ஒரு பங்கு, தண்ணீர் பதினாறு பங்கு, சிறு தீயில் நான்கில் ஒரு பங்காகக் குறுக்குவது. அதாவது 10 கிராமுக்கு 160 மில்லி ஊற்றி 40 மில்லியாக இறக்குவது. பச்சை இலையில் தண்ணீர்தான் அதிகம். காய்ந்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டிவிடும். அதனால் உலர்ந்த இலைக்குச் சொன்ன எடையைப் பச்சைக்கு அப்படியே போட்டால் கஷாயம் நீர்த்துப்போகும். பச்சைக்குச் சொன்னதைக் காய்ந்ததற்குப் போட்டால் ஐந்து மடங்கு உள்ளே போகும். வீடுகளில் நடக்கும் பிழைகளில் இதுதான் பெரியது.

பாத்திரம் மண்சட்டி அல்லது எவர்சில்வர். ஈயம் பூசாத பித்தளை, செம்பு, அலுமினியம் வேண்டாம், அதுவும் புளியோ மோரோ சேரும்போது கூடவே கூடாது. வைத்த கஷாயத்தை மூன்று மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். காலையில் வைத்ததை ராத்திரி சூடுபடுத்திக் குடிக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஆடாதோடை

ஆள் உயரத்துக்குப் புதராக வளரும். மாவிலைபோல் நீண்ட இலை, எதிரெதிராக அமைந்திருக்கும். வெள்ளைப் பூவின் கீழுதட்டில் ஊதாக் கோடுகள் ஓடும். ஆடு தொடாத இலை என்பதால் வந்த பெயர் என்பார்கள்; ஒரு துணுக்கு மென்று பார்த்தால் ஆடு செய்தது சரிதான் என்று தெரியும்.

சளியை இளக்கும் வேலைக்கு இதைப்போல் அனுபவப்பட்ட வேலிச்செடி வேறில்லை. இதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் மருந்துக்கடை இருமல் மருந்துகளில் வரும் புரோம்ஹெக்சின் உருவானது. ஆகவே ‘இலைதானே’ என்று அலட்சியமாகக் கையாளக் கூடாது.

நெஞ்சில் கட்டிய சளிக்கு, பெரியவர் ஒருவருக்கு: முற்றிய பச்சை இலை இரண்டு (நுனிக்கொழுந்து வேண்டாம்), மிளகு ஐந்து, சுண்டுவிரல் நுனியளவு சுக்கு. இலையை நடுநரம்பு நீக்கிக் கிள்ளிப்போட்டு, தட்டிய மிளகும் சுக்கும் சேர்த்து, 200 மில்லி தண்ணீரில் சிறு தீயில் 50 மில்லி ஆகும்வரை வையுங்கள். வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு ஒரு தேக்கரண்டி தேன். காலை, மாலை சாப்பாட்டுக்குப் பின் மூன்று நாள். ஐந்து நாளைத் தாண்ட வேண்டாம்.

சாறாக வேண்டும் என்பவர்கள் பச்சையாக அரைத்துப் பிழிந்து, சொட்டுச் சொட்டாக வருவதைப் பார்த்து மேலும் மேலும் இலை சேர்ப்பார்கள். இந்த இலையில் சாறு கம்மி. சித்த முறையில் இதற்குப் பிட்டவியல் என்று ஒரு வழி உண்டு. இலையை நறுக்கி, இட்லித் தட்டில் துணி விரித்துப் பரப்பி, புட்டு அவிப்பதுபோல் பத்து நிமிடம் ஆவியில் வேகவிட்டு, சூடு ஆறுமுன் துணியோடு முறுக்கிப் பிழிய வேண்டும். அதே இலையில் சாறு நன்றாக இறங்கும். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி போதும்.

அளவு மீறினால் குமட்டலும் வாந்தியும் வரும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. கருப்பையைச் சுருங்கவைக்கும் தன்மை இதற்கு உண்டு. ஒரு வயதாகாத குழந்தைக்கு எந்த மருந்தோடும் தேன் கொடுக்கக் கூடாது.

தூதுவளை

கொக்கிபோல் வளைந்த முள், ஊதாப் பூ, சிவந்து பழுக்கும் சுண்டைக்காயளவுப் பழம். தரையோடு படர்ந்து, ஊசிபோல் நேரான முள்ளும் மஞ்சள் பழமும் இருந்தால் அது கண்டங்கத்திரி. இலையின் அடிப்பக்க நரம்பிலும் முள் இருப்பதுதான் தூதுவளையின் தொல்லை. கத்தரிக்கோலால் நரம்பை ஒட்டி நறுக்கிவிடலாம். நேரமில்லையென்றால் நெய்யில் சுருள வதக்குங்கள், மீதமுள்ள முள் நொறுங்கி அரைபட்டுவிடும். வதக்காமல் ரசத்தில் முழு இலையாகப் போட்டால் முள் தொண்டையில் நிற்கும்.

துவையலுக்கு இரண்டு கைப்பிடி இலை, உளுந்து இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் மூன்று, மிளகு ஐந்தாறு, சுண்டைக்காயளவு புளி, உப்பு. உளுந்தைச் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு அதே சட்டியில் நெய் விட்டு இலையை வதக்கி, ஆறியபின் கெட்டியாக அரையுங்கள். சளிக்காலத்தில் வாரம் இரண்டு நாள் சோற்றில் பிசைந்து சாப்பிடலாம். இதைச் சூரணமாக விற்பதை வாங்குவதைவிட, கீரையாகச் சாப்பிடுவதே மேல். இன்ன செடியைத்தான் சாப்பிடுகிறோம் என்பதாவது தெரியும்.

முடக்கத்தான்

மூன்று விளிம்புள்ள காகிதப் பலூன்போல் காய். உள்ளே கருப்பு விதை, அதில் வெள்ளை நிறத்தில் இதய வடிவப் பொட்டு. இந்தப் பொட்டைப் பார்த்துவிட்டால் அடையாளத்தில் சந்தேகமே வேண்டாம்.

மூட்டுப் பிடிப்புக்குத் தோசையாகச் சாப்பிடுவது வழக்கம். இட்லி அரிசி இரண்டு ஆழாக்கு, உளுந்து கால் ஆழாக்கு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி ஊறவைத்து அரைத்துப் புளிக்கவிடுங்கள். இரண்டு கைப்பிடி இளம் இலையை மறுநாள் தோசை வார்ப்பதற்குச் சற்றுமுன் தனியாக அரைத்துக் கலக்க வேண்டும். முதல்நாளே கலந்தால் மாவு கறுத்து, கசப்பு ஏறிப் பிள்ளைகள் தொடமாட்டார்கள். சிலருக்கு வயிறு இளகும். முதல்முறை ஒரு தோசையோடு நிறுத்திப் பாருங்கள். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மூட்டுகள் மடங்காமல் வீங்கியிருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதைத் தோசையால் தள்ளிப்போட்டால் மூட்டு நிரந்தரமாகக் கோணிவிடும்.

பிரண்டை

நாலு பட்டைத் தண்டு. நுனியிலிருந்து நான்கைந்து கணு வரை, நகத்தால் கிள்ளினால் ஒடிகிற பகுதிதான் சமையலுக்கு. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவை வெட்டி எறிந்து, பட்டை ஓரத்து நாரை உரித்துவிட்டு, விரற்கடை நீளத்தில் நறுக்குங்கள்.

சாப்பிட்டதும் தொண்டை நமநமவென்று அரித்தால் வதக்கல் போதவில்லை என்று பொருள். தண்டில் ஊசி வடிவத்தில் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் இருக்கின்றன. அவை குத்துவதுதான் அரிப்பு. தண்ணீரில் வேகவைத்து வடிப்பதால் மட்டும் இது தீராது. நிறையவே நல்லெண்ணெய் விட்டு, பளபளத்த பச்சை மங்கிப் பழுப்பு தட்டும்வரை எட்டுப் பத்து நிமிடம் வதக்கி, எலுமிச்சையளவு புளியோடு அரைக்க வேண்டும். புளியில் சிக்கனம் பார்த்தால் தொண்டை சொல்லிக்காட்டும். அரித்துவிட்டால் புளித்த மோரைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குங்கள்.

பசியின்மைக்கும் வாயுவுக்கும் நல்ல துவையல். சிறுநீரகக் கல் வந்தவர்கள் ஆக்ஸலேட்டை முன்னிட்டுத் தவிர்க்கட்டும். எலும்பு முறிவுக்குப் பிரண்டையை அரைத்துக் கட்டுவது உண்டு. விலகிய எலும்பைக் கட்டு நேராக்காது. எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டுப் போட்ட பிறகு துவையல் சாப்பிடுவதில் தடையில்லை.

கீழாநெல்லியும் மஞ்சள் காமாலையும்

இந்தச் செடியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அடையாளம். ஒரு சாண் உயரம், புளியிலைபோல் சிற்றிலைகள், காம்பின் அடிப்புறம் வரிசையாகக் கடுகைவிடச் சற்றுப் பெரிய காய்கள். காய் வழவழப்பாக, சிறு காம்போடு தொங்கினால் கீழாநெல்லி. காய் காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டு, மேற்பரப்பு சொரசொரப்பாக, தண்டு சிவந்திருந்தால் அது அதன் உறவுக்காரச் செடி. ஒரே பாத்தியில் இரண்டும் கலந்து நிற்கும்.

வழக்கமான முறை: வேரோடு பிடுங்கிய ஒரு கைப்பிடிச் செடியைக் கழுவி, நெல்லிக்காயளவு விழுதாக அரைத்து, 100 மில்லி மோரில் கலந்து காலையில் வெறும் வயிற்றில் ஐந்து முதல் ஏழு நாள். உப்பும் எண்ணெயும் சேர்க்காத பத்தியம் உடன் வரும். உப்பை அடியோடு விட்டுவிட்டு வாந்தியும் இருந்தால் உடம்பு தளர்ந்துபோகும். கஞ்சியில் ஒரு கல் உப்பு இருக்கட்டும்.

இதன் நற்பெயருக்கு ஆய்வுப் பின்னணியும் உண்டு. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ்-பி கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க், சென்னையைச் சேர்ந்த பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் ஆகியோரின் குழு 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. கீழாநெல்லி கொடுக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்ததாக அது சொன்னது. பெரிய பரபரப்பு. ஆனால் பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. முதல் பாதியை மட்டும் மேடையில் சொல்கிறவர்கள் அதிகம்.

அப்படியானால் ஊரில் இத்தனை பேருக்குக் குணமானதே? அசுத்த நீரால் வரும் ஹெபடைடிஸ்-ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கும். அந்த நாட்களில் எதைக் குடித்தாலும் அதற்குத்தான் பெயர் போகும். பித்தக்கல் அடைத்தோ, பி வகைக் கிருமியாலோ, எலிக்காய்ச்சலாலோ, மதுவாலோ வருவது அப்படி அடங்கும் என்று நம்பி இருக்க முடியாது. எல்லாவற்றுக்கும் கண் மஞ்சள்தான். அதனால் கண் மஞ்சளானதும் முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகுதான் மோர். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒருநாளும் வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். காமாலைக்காகக் கண்ணில் சாறு விடுவது, கையில் சூடு போடுவது எல்லாம் வெறும் கேடு.

நிலவேம்பு

கசப்பின் அரசன். 2012-ல் டெங்கு பரவியபோது தமிழக அரசு மருத்துவமனைகளில் வழங்கியது நிலவேம்பை மட்டும் அல்ல, நிலவேம்புக் குடிநீரை. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என ஒன்பது சரக்கு சேர்ந்தது அது. வீட்டில் பறித்த தனி நிலவேம்பை அதே அளவில் காய்ச்சுவது சரியல்ல, வீரியம் வேறு.

குடிநீர்ப் பொடி 5 கிராமை 200 மில்லி தண்ணீரில் 50 மில்லியாகக் குறுக்கி, பெரியவர்கள் காலை மாலை இரு வேளை. தினமும் காலைத் தேநீருக்குப் பதில் மாதக்கணக்கில் குடிப்பது வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் கருத்தரிக்க முயல்பவர்களுக்கும் ஆகாது. காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஒன்றிரண்டு நாள்தான் டெங்குவில் ஆபத்தானது. அப்போது வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து தூங்கிவிழுதல் எது வந்தாலும் உடனே மருத்துவமனை.

நொச்சி

வேது பிடிக்க இதைவிட இலை இல்லை. செய்யும் தவறு ஒன்றுதான்: இலையைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அரைமணி நேரம் கொதிக்கவிடுவது. வாசனை எண்ணெய் எல்லாம் அடுப்படியிலேயே பறந்துவிடும். இரண்டு லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, இரண்டு கைப்பிடி இலையும் ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்டு மூடி, இரண்டு நிமிடம் கழித்துத் திறங்கள். பானையைத் தரையில் பிரிமணை மேல் ஆடாமல் வைத்து, ஒரு முழம் தள்ளி முகம் வைத்து ஐந்து நிமிடம். மடியில் வைத்துக்கொள்வதும், கட்டிலில் உட்கார்ந்து பிடிப்பதும் வெந்நீர்க் காயத்தில் முடியும். சிறு பிள்ளைகளுக்கு வேது வேண்டாம். பக்கத்தில் விளையாடவும் விடாதீர்கள்.

குப்பைமேனி

இதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை வந்து உருளும்; பூனைவணங்கி என்றே ஒரு பெயர். தோல் அரிப்புக்கு ஒரு கைப்பிடி இலை, அரைத் தேக்கரண்டி கல்லுப்பு, கால் தேக்கரண்டி மஞ்சள் அரைத்துப் பூசி, இருபது நிமிடத்தில் கழுவுங்கள். முதல்நாள் முழங்கையின் உட்பக்கம் காசளவு பூசி ஒருநாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. வெடித்த புண்ணில் போடாதீர்கள். சிரங்கு என்றால் பூச்சு மட்டும் போதாது, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும்.

உள்ளுக்குக் குடிக்காதீர்கள் என்பதே எங்கள் முடிவு. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்தவர்களுக்குக் குப்பைமேனி ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்; இலங்கையில் இதைக் காய்ச்சிக் குடித்தவர்களுக்கு இப்படி நேர்ந்தது மருத்துவப் பதிவில் இருக்கிறது. அந்தக் குறைபாடு இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. குடித்தபின் சிறுநீர் கறுத்தால் அதுதான் அறிகுறி.

வாயில் வைக்கக் கூடாதவை

ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி இரண்டையும் குடற்புழுவுக்கும் விஷக்கடிக்கும் சொல்வார்கள். இவற்றிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். குடித்த அன்று ஒன்றும் தெரியாது என்பதே இதன் கொடுமை. ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். புழுவுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது.

நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு கொடிய விஷம். வள்ளிக்கிழங்கு என்று தோண்டிச் சமைத்து இறந்தவர்கள் உண்டு. அரளி, ஊமத்தை, காட்டாமணக்கு விதை, குன்றிமணி ஆகியவற்றை நஞ்சு நீக்கும் எந்தச் சுத்தி முறையைக் கேள்விப்பட்டிருந்தாலும் வீட்டில் முயலாதீர்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வை மங்கும். முள் எடுக்க எருக்கம்பால் வைத்தவர்கள் கையைக் கழுவாமல் கண்ணைத் தொடுவதுதான் பெரும்பாலும் காரணம். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள்.

பாம்புக்கடிக்கு எந்த இலையும் இல்லை. கசக்கிறதா இனிக்கிறதா என்று சிறியாநங்கை கொடுத்துச் சோதிக்கும் நேரத்தில் விஷமுறிவு ஊசி இருக்கும் மருத்துவமனையை அடைந்துவிடலாம். இரண்டு வாரத்துக்கு மேல் நீளும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை, மூன்று நாள் தாண்டிய காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை.

யாராவது தெரியாமல் எதையாவது தின்றுவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். தின்ற செடியில் இலை, பூ, காய் மூன்றும் இருக்கும் ஒரு கிளையை ஒடித்து, பிளாஸ்டிக்கில் கட்டாமல் காகிதத்தில் சுற்றி மருத்துவரிடம் கொடுங்கள். காய்ச்சிய பாத்திரத்தைக் கழுவாமல் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.